பதினெட்டு அங்குலப் பலகை

ஆஷ்லோ ஊரில் நேராக நிற்கும் கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். தேவாலயம் நேராகத்தான் நிற்கிறது. மற்றபடி, பெரிய தெருவின் மரச்சட்ட வீடுகள் எல்லாம் சந்தை நாளில் குடித்துவிட்டுத் திரும்பும் அண்ணன் தம்பிகள் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவைதான். அவற்றில் அதிகம் சாய்ந்தது மிஸ் ஹெஸ்டர் பெப்லோவின் வீடு. அதன் மேல்மாடி தெருப்பக்கம் ஒன்றரை அடி துருத்திக்கொண்டிருக்கும். படுக்கையறையின் கிழக்கு மூலையில் ஒரு நூல்கண்டு கைநழுவினால், அது உருண்டுபோய் மேற்குச் சுவரில் முட்டி, படியிறங்கி, கீழே கடைக்குள் வந்து தன் பெட்டிக்குள் தானே உட்கார்ந்துகொள்ளும். ஒரு கொத்தனார் ரசமட்டத்தோடு அந்த வீட்டுக்குள் போனார். குமிழி ஓரத்தில் ஒதுங்கி நடுங்குவதைப் பார்த்ததும் கருவியை அப்படியே போட்டுவிட்டு மதுக்கடைக்கு ஓடினார். வீட்டுக்குள் தள்ளாடிய மனிதர் மதுக்கடையிலிருந்து திரும்பும்போதுதான் நேராக நடந்தார். இதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஹெஸ்டர் பிறந்தது அந்த மாடியில்தான். அப்பா ஈனோக் பெப்லோ கீழே நூல், ஊசி, பொத்தான், நாடா, ஷூ லேஸ் விற்றார். அவருக்கு முன் தாத்தா. அப்பாவுக்குப் பின் ஹெஸ்டர். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளைக் கேட்க நினைத்தவர் ஒருவர் உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது யார் என்று ஊருக்கும் தெரியாது, ஹெஸ்டருக்கும் தெரியாது.

கடைக்கதவின் தலையில் ஒரு பித்தளை மணி தொங்கியது. கதவைத் தள்ளினால் அடிக்கும். நாற்பது வருஷம் அது அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கும் யாரும் காரணமில்லாமல் போவதில்லை. கதவைத் தட்டினால் திறப்பவரின் முகத்தில் "என்ன விஷயம்?" என்று எழுதியிருக்கும். கையில் விஷயம் இல்லாமல் தட்டுவதைவிடச் சட்டையில்லாமல் தெருவில் நடப்பது மேல். கடைக்கதவுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. அதைத் தட்டவே வேண்டாம். தள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு ஊசி வாங்கிவிட்டு, மாமியாரின் முழங்கால், பாதிரியாரின் புது மீசை, பக்கத்து ஊரில் ஓடிப்போன ஜோடி என்று முக்கால் மணி நேரம் நின்று பேசலாம். தன்னிடம் ஊர் வாங்கியது ஊசியா பேச்சா என்று ஹெஸ்டர் ஒருநாளும் யோசித்ததில்லை.

சந்தைச் சதுக்கத்தில் பெரிய கடை ஒன்று வந்தது. சாமானை நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கவே தேவையில்லை. ஊர் அங்கே போனது. 1966 கிறிஸ்துமஸோடு ஹெஸ்டர் கடையை மூடினாள். கண்ணாடிச் சன்னலுக்கு வெள்ளை வலைத்திரை போட்டாள். மறுநாள் காலை கடைக்கதவு வீட்டுக்கதவாகிவிட்டது. அதன் பிறகு மணி அடிக்கவில்லை.

யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அதுதான் கொடுமை. அடுத்த வருஷம் குளிரில் அவள் பத்து நாள் காய்ச்சலில் படுத்துக்கிடந்தாள். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவை யாரோ இரண்டு தட்டு தட்டுவார்கள். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சாய்ந்த படிகளில் சுவரைப் பிடித்து இறங்கிப் போய்த் திறப்பாள். ஆள் இருக்காது. படியில் தட்டு போட்டு மூடிய கிண்ணத்தில் பட்டாணி சூப் ஆவி பறக்கும். தெருமுனையில் ஓடி மறையும் ஒரு பாவாடை ஓரம் மட்டும் தெரியும். அவள் கிண்ணத்தைக் கழுவித் திரும்பப் படியில் வைப்பாள். அதுவும் மாயமாகிவிடும். பத்து நாள் சூப், பத்துக் கிண்ணம், ஒரு வார்த்தை இல்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

உல்வர்ஹாம்ப்டனில் அவளுடைய சித்தப்பா மகள் மேபல் இருந்தாள். தன் பக்கத்தில் ஒரு குடியிருப்பு காலியாக இருப்பதாக அவள் எழுதினாள். ஆஷ்லோ வீட்டை வாங்கவும் ஆள் தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பத்திரம் தபாலில் வந்தது.

அன்று 1969 செப்டம்பர் இருபத்தொன்பது, மைக்கேல்மஸ். எங்கள் பக்கத்தில் குத்தகை, வாடகை, வேலை ஒப்பந்தம் எல்லாம் மைக்கேல்மஸில் ஒரு தடவை, மார்ச் இருபத்தைந்து மாதா திருநாளில் ஒரு தடவை மாறும். ஹெஸ்டர் பத்திரத்தைக் கணப்படுப்பின் மேலிருந்த கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்து, தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டினாள். மாதா திருநாளுக்குள் யாராவது ஒருவர் தானாக அந்த மணியை அடித்துக்கொண்டு உள்ளே வந்தால் அவள் போகமாட்டாள். வராவிட்டால் அன்று சாயங்காலம் ஐந்து மணித் தபாலில் கையெழுத்து போய்விடும். தபால்காரர், மின்சார மீட்டர் பார்ப்பவர், பாதிரியார் ஆகியோர் வேலையாக வருபவர்கள், கணக்கில் சேரமாட்டார்கள். படியில் வைத்துவிட்டு ஓடுபவர்களும் சேரமாட்டார்கள்.

அக்டோபர் போனது. நவம்பரும் போனது. ஹெஸ்டர் தினமும் காலை மணியைத் துணியால் துடைத்தாள். அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டுதான் துடைத்தாள். தானே அடித்தால் கள்ளாட்டம் அல்லவா?

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது.

ஹெஸ்டரின் கையிலிருந்த கரண்டி அடுப்புக்குள் விழுந்தது. கூடத்துக்கு ஓடினாள். உயரமான, மெலிந்த ஒரு மனிதர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், தொப்பியைக் கழற்றாமலே நின்று கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆகா! எவ்வளவு அழகா இருக்கே!" என்றார்.

ஹெஸ்டருக்கு முகம் சிவந்தது. அவர் சொன்னது நிலையிடம் என்று அப்புறம்தான் புரிந்தது.

பெயர் ஆப்ரி ஃபெல்டன். மாவட்டத்துப் பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்க அரசாங்கம் அனுப்பியிருந்தது. கடிதம் வைத்திருந்தார். வேலையாக வந்தவர். ஹெஸ்டர் மனதுக்குள் அவரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டாள்.

ஆனாலும் தேநீர் வைத்தாள், சீரகக் கேக்கை வெட்டினாள். அவர் மூன்று கோப்பை குடித்தார், கேக்கை முக்கால்வாசி தின்றார். பேச்சு முழுவதும் மரத்தோடு. "உன்னை யாருப்பா இங்க ஆணி அடிச்சது? வலிச்சிருக்குமே." "ஏய், நீ பிறந்தது இந்த வீட்ல இல்லியே, வேற எங்கியோ இருந்து வந்திருக்கே." கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனவர் பொத்தான் அலமாரிக்கு முன் நின்றார். தரையிலிருந்து உத்தரம் வரை நூற்று நாற்பத்துநாலு இழுப்பறை கொண்ட அலமாரி அது. தாத்தா செய்தது.

"மிஸ் பெப்லோ, நாலு எங்க?" என்றார், திருட்டைப் பிடித்துவிட்ட குரலில்.

"எந்த நாலு? நான் ஒண்ணும் எடுக்கலியே!"

"இங்க பாருங்க." தூணின் நெஞ்சில் உளியால் வெட்டிய கீறல்களைக் காட்டினார். "அந்தக் காலத்துத் தச்சன் வீட்டை வாசல்ல கட்டமாட்டான். தன் பட்டறையில தரையில படுக்கவச்சே எல்லாச் சட்டத்தையும் பொருத்திப் பாப்பான். எந்த நாக்கு எந்தத் துளைக்குன்னு கீறல் போட்டுட்டுப் பிரிச்சு, வண்டில ஏத்திக் கொண்டாந்து இங்க நிறுத்தி மர ஆணி அடிப்பான். மூலைல ஒரு கீறல், அடுத்ததுல ரெண்டு, கதவுகிட்ட இதுல மூணு. அந்தக் கோடியில அஞ்சு. நடுவுல, இந்த அலமாரிக்குப் பின்னால, நாலு இருந்தே ஆகணும். தச்சன் எண்ணத் தெரியாம இருக்க மாட்டான்."

"அறுபத்தாறு வருஷமா இந்த வீட்ல இருக்கேன், இந்தக் கீறலெல்லாம் எலி பிறாண்டினதுன்னுல்ல நினைச்சேன்!"

"எலிக்கு இவ்வளவு நேரா வராது" என்றார் ஃபெல்டன், சிரிக்காமல்.

அலமாரியை நகர்த்த நாலு ஆள் தேவைப்பட்டது. பிப்ரவரியில் அவர் ஆட்களோடு வந்தார். பின்னால் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர். அதைக் கவனமாக உரித்தால், நடுவில் நாலு கீறலோடு தூண். அதன் இருபுறமும் வில்லாக வளைந்த தலையோடு இரண்டு அகலச் சன்னல்கள். வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பூச்சின் அடியில், சன்னலுக்கு ஒன்றாக இரண்டு ஓக் பலகைகள், அடிவிளிம்பில் கீல். ஒரு பலகை உளுத்துப்போயிருந்தது. மற்றது இரும்பு மாதிரி உறுதியாக இருந்தது.

"கடை!" என்றார் ஃபெல்டன். "வீடு பிறந்தப்பவே கடைதான். ஐந்நூறு வருஷம் இருக்கும்." முதல் முறையாக ஹெஸ்டரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "வாங்க வர்றவங்க உள்ள வரவே மாட்டாங்க. இந்தப் பலகையைத் தெருப்பக்கம் சாய்ப்பாங்க, அதுதான் மேசை. கடைக்காரி உள்ள, வாங்கறவன் வெளில. மேல்மாடி ஏன் நீட்டிக்கிட்டு இருக்கு? பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்லுவாங்க. எனக்கென்னமோ வாங்க வந்தவன் தலையில மழை விழாம இருக்கத்தான்னு தோணுது."

கீலுக்கு எண்ணெய் போட்டு, பலகைக்கு முட்டுக் கொடுத்து, உளுத்ததற்குப் பதில் புதுப்பலகை வைத்துக் கொடுத்தார்கள். போகும்போது ஃபெல்டன் நாலாம் தூணைத் தட்டிக்கொடுத்து, "வர்றேன், பத்திரமா இரு" என்றார். ஹெஸ்டருக்குத் தொப்பியை மட்டும் லேசாகத் தூக்கினார். அவர் வீட்டிலும் யாரும் காத்திருக்கவில்லை என்பதை ஹெஸ்டர் அப்போது கண்டுகொண்டாள். ஒரே சரக்கு விற்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும்.

மாதா திருநாள் புதன்கிழமையாக வந்தது, எங்கள் சந்தை நாள். ஹெஸ்டர் காலையிலேயே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, உறையில் தபால்தலை ஒட்டி, கடிகாரத்தின் முன்னால் சாய்த்துவைத்தாள். மணி ஒன்பதுதான். ஐந்து வரை என்ன செய்வது? மிச்சமிருந்த சரக்கை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. மிச்சம் என்றால் ஷூ லேஸ். 1938-ல் அப்பா பன்னிரண்டு டஜன் என்று எழுதுவதற்குப் பதில் பன்னிரண்டு குரோஸ் என்று எழுதிவிட்டார். குரோஸ் ஒன்றுக்கு நூற்று நாற்பத்துநாலு ஜோடி. உலகப் போர் வந்து போனது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகி, ஓடி, படைக்குப் போய், சிலர் திரும்பிவந்தார்கள், லேஸ் தீரவில்லை. போகிற நாளிலாவது அதைக் கண்ணில் படும்படி வைப்போம் என்று அவள் கடை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பழைய பலகையைத் தெருப்பக்கம் சாய்த்து, லேஸ் பெட்டியை அதன்மேல் வைத்தாள். உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

கசாப்புக்கடை மிஸஸ் குவில்லியம் கூடையோடு வேகமாகப் போனவள், பத்தடி தாண்டி நின்றாள். திரும்பி வந்தாள்.

"கடை திறந்திருக்கீங்களா, மிஸ் பெப்லோ?"

"பாத்தா எப்படித் தெரியுது, மிஸஸ் குவில்லியம்? துணி காயப் போட்டிருக்கேன்னா?"

"அய்யய்ய, அதுக்கில்ல. லேஸ் ஒரு ஜோடி குடுங்க. எங்க வீட்டுக்காரர் லேஸைப் பல்லால அவுத்து அவுத்தே தின்னுட்டார்." லேஸைக் கையில் வாங்கியதும் அவள் முழங்கை பலகைமேல் வந்து உட்கார்ந்தது. கூடை கீழே இறங்கியது. "உடம்பு எப்படி இருக்கு?"

"காய்ச்சல் ரெண்டு வருஷத்துக்கு முந்தி வந்தது. இப்பக் கேக்கறீங்க."

"அப்பக் கேட்டா தொந்தரவு." கொஞ்சம் தயங்கினாள். "சூப்பு பிடிச்சுதா? கிண்ணம் கழுவி வந்துச்சு. ஆனா குடிச்சீங்களா கொட்டினீங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"நீங்களா அது? குடிச்சேன். உப்பு அள்ளிப் போட்டிருந்தீங்க. காய்ச்சல் அந்தத் தாகத்துலதான் ஓடிப்போச்சு."

மிஸஸ் குவில்லியம் வாயைப் பிளந்தாள். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். "முப்பது வருஷமா சமைக்கிறேன், அந்தாள் ஒருநாள் சொன்னதில்லியே, பாவி மனுஷன்!"

அவள் போய் அரைமணியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பலகையில் ஒரு பெட்டி இருந்தது அல்லவா, நின்று பேச அந்தக் காரணம் போதும். லேஸ் வேண்டாதவர்கள் லேஸ் வாங்கினார்கள். நடக்க முடியாத கிழவர் ஒருவர் வாங்கினார். பாதிரியார் வாங்கினார், அவர் காலணியில் லேஸே கிடையாது, பக்கிள்தான். ஆனால் யாரும் கதவைத் தொடவில்லை. மணி வாயை மூடிக்கொண்டு தொங்கியது.

மூன்றரைக்கு மழை பிடித்தது. தெரு காலியானது. அப்போது ஆல்பன் பிரீஸ் வந்து துருத்திய மாடிக்கு அடியில் நின்றார். மேட்டுப் பண்ணைக்காரர். மனைவி இறந்துபோய்ப் பல வருஷம். பள்ளிக்கூடத்தில் ஹெஸ்டரின் பக்கத்துப் பெஞ்சு. பன்னிரண்டு வயதுக்குப் பின் அவளை "மிஸ் பெப்லோ" என்றே கூப்பிட்டுவந்தார். முழங்கால் வரை, லேஸே இல்லாத ரப்பர் கம்பூட்ஸ். அதை அவர் தேவாலயத்துக்கும் போட்டுவருவார்.

"ஒரு ஜோடி லேஸ்" என்றார்.

ஹெஸ்டர் எட்டி அவர் காலைப் பார்த்தாள். "எதுக்கு? பசுவுக்கா?"

"இருக்கட்டும். எப்பவாவது வேணுங்கும்."

இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள்.

"உங்க வாசல் வரைக்கும் பல தடவை வந்திருக்கேன்" என்றார் பிரீஸ், பலகையிடம் சொல்வது போல. "தட்டினா என்ன விஷயம்னு கேப்பீங்க. எங்கிட்ட விஷயம் ஒண்ணும் இல்ல. திரும்பிப் போயிடுவேன்."

"கேட்டிருக்கமாட்டேன்."

"கேட்டிருப்பீங்க. எல்லாரும் கேப்பாங்க. நானே கேப்பேன்."

அது உண்மைதான். அவர் தன் நாயின் காதுவலியைப் பற்றிச் சொன்னார். அவள் எலி என்று நினைத்த கீறல்களைப் பற்றிச் சொன்னாள். பலகையின் அகலம் பதினெட்டு அங்குலம். அதன் இரு கரையிலும் அவர்கள் மழை விடும்வரை இருந்தார்கள். தேவாலய மணி ஐந்து அடித்தது. தபால் வண்டி தெருமுனையில் நின்று, பெட்டியைக் காலிசெய்து, கிளம்பிப் போனது. ஹெஸ்டர் கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை.

பிரீஸ் போன பிறகு அவள் நியாயம் பார்த்தாள். பந்தயத்தின்படி மணி அடிக்கவில்லை, யாரும் உள்ளே வரவுமில்லை. ஆகவே தோற்றாள். ஆனால் இந்த வீட்டின் முதல் சட்டப்படி வாங்க வருகிறவர் உள்ளே வருவதே கிடையாது. அதைத் தச்சனே கீறி வைத்திருக்கிறான். ஐந்நூறு வருஷத்துச் சட்டம் பெரிதா, ஆறு மாதப் பந்தயம் பெரிதா? அவள் நாற்காலியில் ஏறிக் கதவின் தலையிலிருந்து மணியைக் கழற்றினாள். நாலாம் தூணில், வெளியே நிற்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினாள். உறையிலிருந்து தபால்தலையை ஆவி காட்டிப் பிரித்தெடுத்தாள். அதே தபால்தலையோடுதான் மேபலுக்கு வரமுடியாது என்று கடிதம் போனது.

அதோடு அவள் தனிமை தீர்ந்தது என்று நான் சொன்னால், நூல்கண்டு கதையைக்கூட நீங்கள் நம்பமாட்டீர்கள். சாயங்காலம் பலகையைத் தூக்கித் தாழ் போட்டதும் வீடு பழையபடி அமைதியாகிவிடும். ஒரே ஒரு முட்டையை வேகவைத்து, ஒரே ஒரு தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். குளிர் இறங்கும்போது சட்டங்கள் முனகும். மாடியில் யாரோ நடப்பது போலிருக்கும். யாரும் நடக்கமாட்டார்கள். பகலில் மணி அடித்தது என்பது மட்டும்தான் மாறியது. புதன்தோறும் மூன்றரைக்குப் பிரீஸ் அடிப்பார். "ஒரு ஜோடி லேஸ்" என்பார். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு வாரம், பனி வேலியை மூடிய வாரம், வரவில்லை.

1976 மார்ச்சில் ஒரு புதன்கிழமை மூன்றரைக்கு மணி அடித்தது. வந்தது பிரீஸ் இல்லை, அவர் மகள் ஆல்வென். அப்பாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றைப் பலகைமேல் வைத்தாள்.

"அவர் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு, மிஸ் பெப்லோ. எல்லாம் பிரிக்காத லேஸ். முந்நூத்திப் பதினொண்ணு. அவருக்குக் கம்பூட்ஸ் தவிர வேற செருப்பே கிடையாது. எதுக்கு வாங்கினார்னே எங்களுக்குப் புரியல."

ஹெஸ்டர் டப்பாவைத் திறந்து பார்த்தாள். வாங்கிய வரிசையிலேயே அடுக்கியிருந்தார். வெளியே தூறல். அந்தப் பெண் மாடிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள், அவள் அப்பா நின்ற அதே இடத்தில், அதே மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆறு வருஷம். ஒவ்வொரு புதனும் தேநீர்க் கெண்டி பின்னால் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அவர்தான் உள்ளே வரவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அவரை அவள் கூப்பிட்டதே இல்லை.

"உள்ள வாம்மா" என்றாள் ஹெஸ்டர். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஐயோ, உங்களுக்குத் தொந்தரவு..."

"தொந்தரவுதான். வா."

ஆல்வென் கதவைத் தள்ளினாள். அது சத்தமே இல்லாமல் திறந்தது. மணி சன்னலோரத் தூணில் இருந்தது.